மேட்டில் 95, நின்றால் 160: டர்ட் பைக்கும் என் வாட்சும்

ஒரு மணி நேரம் மண் பாதையில் ஓட்டிவிட்டு வந்தால், 6,000 காலடி நடந்ததாக ஃபிட்னஸ் வாட்ச் சொல்லும். ஹேண்டில்பார் அதிர்வைக் கை வீச்சென்று எண்ணிக்கொள்கிறது, போகட்டும். இதயத் துடிப்புதான் குழப்பியது. மூச்சிரைக்கும் மேட்டில் 95; இறங்கி நின்ற சிறிது நேரத்தில் 160.

பட்டையை இறுக்கினேன், விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். வலது கையிலிருந்து இடதுக்கு மாற்றினேன். அது கிளட்ச் பிடிக்கும் கை, அதே கதை. சென்சாரைத் துடைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, கடைசியில் வேறொரு வாட்சையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். நான்கு நாள் வீண்.

விஷயம் பிடிபட்டது இருட்டறையில். கைப்பிடியைப் பற்றுவதுபோல் முஷ்டியை இறுக்கி மணிக்கட்டைப் பின்னால் மடக்கினேன். வாட்சின் ஓர் ஓரம் தோலை விட்டு எழும்பி, இடுக்கில் பச்சை வெளிச்சம் கசிந்தது. அந்த வெளிச்சம் தோலில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் துடிப்பையே கணக்கிடுகிறது!

இதயத்தின் மின் துடிப்பை நேராக அளக்கும் மார்புப் பட்டை ஒன்று வாங்கி, புளூடூத்தில் வாட்சோடு இணைத்தேன். மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டணும். காய்ந்திருந்தால் முதல் பத்து நிமிடம் உளறும். அதே மேட்டில் இப்போது 168.

பதிவு பாதியில் நின்றுபோன இன்னொரு மர்மமும் தீர்ந்தது: மணிக்கட்டு மடங்கும்போது கையுறையின் விளிம்பு பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கியிருக்கிறது. வாங்குபவர்கள் திரை அழகை விடுங்கள். மார்புப் பட்டையோடு இணையுமா, பொத்தானைப் பூட்ட முடியுமா என்று பாருங்கள்.