விமானப் பயணத்தில் இன்சுலின்: கைப்பையில் வைப்பது முதல் தரையிறங்குவது வரை

இன்சுலினோடு முதல்முறை விமானம் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடுவது, சுகர் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. மருந்து கெடாமல், கையைவிட்டுப் போகாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

படி 1: எவ்வளவு, எந்தப் பையில்

பயண நாட்களுக்கு ஆகும் அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பென் (பேனா வடிவ இன்சுலின்), ஊசி, ஸ்ட்ரிப், லான்செட், மீட்டருக்கு மாற்று பேட்டரி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டி வழி தவறிப் போகலாம் என்பது ஒரு காரணம். சரக்கு அறையின் குளிர் இன்னொன்று. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான்.

பலர் யோசிக்காத இடம் ஒன்று உண்டு. விமானம் நிறைந்திருந்தால் ஏறும் வாசலிலேயே டிராலி பைகளை வாங்கி சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க முடியாது. அதனால் மருந்துச் சாமான் மொத்தமும் ஜிப் வைத்த ஒரே சின்னப் பைக்குள் இருக்கட்டும். ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். உள்ளே போனதும் அதை முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். தலைக்கு மேலே வைத்தால், சீட் பெல்ட் விளக்கு எரியும் நேரத்தில் கைக்கு எட்டாது.

படி 2: டாக்டர் சீட்டு

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், சர்க்கரை நோய் இருக்கிறது என்ற விவரம், ஊசியும் மருந்தும் உடன் இருக்க வேண்டும் என்ற வரி, மருந்தின் மூலப்பெயர் (கிளார்ஜின், அஸ்பார்ட் என்பதுபோல்) இருந்தால் போதும். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்துக்கடை லேபிள் ஒட்டிய அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடாதீர்கள்.

குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். சில நாடுகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பி கிடைக்கிறது. பல நாடுகளில் 100 யூனிட்தான். 40-க்கான சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. உங்கள் குப்பிக்கான சிரிஞ்சுகளைத் தேவைக்கு மேலேயே கொண்டு போங்கள். போன இடத்தில் குப்பி வாங்க நேர்ந்தால், அதற்குரிய சிரிஞ்சையும் அங்கேயே வாங்குங்கள்.

படி 3: குளிர்ச்சி

சூட்டுக்குப் பயந்து ஐஸ் பேக் மேலேயே பென்னை வைத்துக் கட்டுவதுதான் பெரிய ஆபத்து. உறைந்த பேக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்சுலினும் உறையலாம். சூடு மெல்லக் கெடுக்கும். உறைதல் ஒரே தடவையில் முடித்துவிடும்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். பயன்பாட்டில் இருப்பதை 30 டிகிரிக்குக் கீழே சாதாரண அறையிலேயே வைக்கலாம். பலவற்றுக்கு 28 நாள், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு, டிரெசிபா என்ற இன்சுலினுக்கு 8 வாரம். உங்களுடையதற்கு எவ்வளவு என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். ஆக, சில மணி நேரப் பயணத்துக்கு ஐஸே தேவையில்லை.

நீண்ட பயணத்துக்கு என் தேர்வு, ஃப்ரியோ மாதிரி தண்ணீரில் ஊறவைக்கும் பை. ஐஸ் கிடையாது, அதனால் உறையும் பேச்சே இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது குளிர்விக்கிறது. அதனாலேயே அதை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடக் கூடாது, காற்று படவேண்டும். புழுக்கமான இடத்தில் அவ்வளவு வேலை செய்யாது. ரொம்ப நேரம் ஊறவைத்தால் பை உப்பி, பென் உள்ளே நுழையாது.

ஐஸ் பேக்தான் வேண்டுமென்றால், அதைத் துணியில் சுற்றி, நடுவே தடுப்பு வைத்து, அப்புறம் இன்சுலின். விமானப் பணியாளர்களிடம் ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை: எவ்வளவு குளிர் என்று தெரியாது, இறங்கும்போது மறந்தும் போகும்.

படி 4: பாதுகாப்புச் சோதனை

வரிசையில் உங்கள் முறை வந்ததும் நீங்களே முந்திக்கொண்டு, “இன்சுலின், ஊசி இருக்கிறது” என்று சொல்லி அந்தச் சின்னப் பையைத் தனித் தட்டில் வையுங்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டில் இருந்து மருந்துக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

உடம்பில் மாட்டியிருக்கும் இன்சுலின் பம்பும் சுகர் காட்டும் சென்சாரும் வேறு கதை. எக்ஸ்ரே எந்திரத்துக்குள்ளும் முழு உடல் ஸ்கேனருக்குள்ளும் விட வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

படி 5: விமானத்துக்குள்

சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தால் லோ சுகர் ஆகும். குளுக்கோஸ் மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஜூஸைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்: சிந்தாது, சோதனையில் கேள்வி வராது. சுகர் இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துச் சுகர் பாருங்கள்.

கேபின் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். பென்னில் ஊசியை மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்றும் புகும். போடும்போது மட்டும் மாட்டி, 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பம்பிலும் குமிழ் இருக்கிறதா என்று மேலே ஏறிய பிறகு ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை

சென்சார் சிக்னல் நின்றுபோனதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். போனில் ஏர்பிளேன் மோட் போட்டபோது புளூடூத்தும் அணைந்திருக்கலாம். அதை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

நேர மாற்றம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிழக்கே போனால் நாள் சுருங்கும், மேற்கே போனால் நீளும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினின் அளவும் நேரமும் அதற்கேற்ப மாறலாம். டிக்கெட்டை டாக்டரிடம் காட்டி, மணிவாரியாக எழுதி வாங்குங்கள். போய் இறங்கும்வரை கைக்கடிகாரம் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே ஓடட்டும்.

பயன்படுத்திய ஊசிகளை இருக்கைப் பையில் செருகாதீர்கள், துப்புரவு செய்பவர் கையில் குத்தும். மூடியுள்ள கெட்டியான சின்ன டப்பா ஒன்று போதும்.