பிள்ளைகளை ஊர் சுற்ற விடும் முகாம்: நாங்கள் ஊட்டியில் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

மே மாதம் வந்துவிட்டால் ஊட்டியில் சந்துக்கு ஒரு சம்மர் கேம்ப் போர்டு தொங்கும். அபாகஸ், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று. எங்கள் முகாமில் அதெல்லாம் கிடையாது. காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகளோடு தெருவில் இறங்குவோம், மூன்றரைக்கு வீட்டில் ஒப்படைப்போம். நடுவில் வழி கண்டுபிடிப்பது, போர்டு படிப்பது, கடைக்காரரோடு பேசுவது, சாக்கடை எங்கே போகிறது என்று அதன் கூடவே போய்ப் பார்ப்பது, இவ்வளவுதான் பாடம். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை சேர்த்துக்கொள்கிறோம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இதே மாதிரி ஆரம்பிக்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக ஆரம்பியுங்கள், ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் முதல் இரண்டு வருஷம் எப்படியெல்லாம் சொதப்பினோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் வேன் பிடித்தோம். அதுதான் தாய்த் தவறு, மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள். காலையில் தாவரவியல் பூங்கா, அப்புறம் ரோஜாப் பூங்கா, மத்தியானம் படகு இல்லம், நேரம் இருந்தால் தொட்டபெட்டா. சாயங்காலம் உட்கார வைத்து இன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஜன்னல் சீட்டுக்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்ற கதைதான் வந்தது. டூரிஸ்ட் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட முடியாது, ஏனென்றால் அந்த லிஸ்ட்டில் இருக்கிற எந்த இடத்திலும் ஊர்க்காரன் வாழ்வதில்லை. இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தெரு, அல்லது ஒரே ஒரு கேள்வி. கமர்ஷியல் ரோட்டின் ஒரு பாதிக்கே ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடும், நம்புங்கள்.

அடுத்த தவறு என்னுடையது, சொந்தமாகச் செய்தது. வாய் ஓயாமல் விளக்குவது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஆறாவது படிக்கிற பையன் ஒருவன், "சார், ஊரு பூரா மேடும் பள்ளமுமா இருக்கு, இங்க மட்டும் ஏன் தரை சமமா இருக்கு?" என்று கேட்டான். எவ்வளவு அருமையான கேள்வி. நான் என்ன செய்தேன்? உடனே ஆரம்பித்துவிட்டேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளை மறித்து ஏரி வெட்ட வைத்தார், அந்த ஏரி இப்போது இருப்பதைவிடப் பெரிசு, அதிலிருந்து எடுத்த நிலத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பையன் "ஓ" என்றான். குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவ்வளவுதான், கேள்வி செத்துவிட்டது.

மறு வருஷம் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனேன். யாருடைய யோசனை என்று நினைவில்லை, என்னுடையது இல்லை என்பது மட்டும் நிச்சயம். பத்தடிக்கு ஒரு தரம் நின்று பழத்தைத் தரையில் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் உருள்கிறது என்று நோட்டில் அம்புக்குறி போட வேண்டும். சேரிங் கிராஸ் பக்கம் அது ஓடிய ஓட்டத்தில் ஒரு ஆட்டோவுக்கு அடியில் போய்விட்டது, டிரைவரே இறங்கி எடுத்துக் கொடுத்தார். மார்க்கெட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. மைதானத்தின் ஓரம் வந்ததும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் நோட்டைப் பார்த்தார்கள், எல்லா அம்புக்குறியும் ஒரே பக்கம் போய்க் கொண்டிருந்தது. ஒரு பெண், "மழை பேஞ்சா தண்ணி எல்லாம் இங்கதானே வரும்?" என்றாள். பக்கத்தில் பூ விற்கிற அக்கா, "வருமா இல்லையா, போன மழைக்கு முட்டி வரைக்கும் நின்னுச்சு கண்ணு" என்றார். அப்புறம் இன்னொருத்தி மெதுவாக, "அப்ப இது முன்னாடி ஏரியா இருந்திருக்குமோ?" என்று கேட்டாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது.

இதற்கு நீங்கள் வருஷமே சொல்லக் கூடாது, வரலாறே பேசக் கூடாது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது சொல்வது என்பதுதான் விஷயம். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் போட்டார்கள் என்று மட்டும் சொன்னால் அது இந்தக் காதில் போய் அந்தக் காதில் வரும். உள்ளே போய் அந்தப் பெரிய மர உத்தரங்களை அண்ணாந்து பார்க்க விட்டு, இது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்த மரம் என்று ஒரு வரி, ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-ல் என்று இன்னொரு வரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்து விடுங்கள். கழித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. "அப்ப எப்படித் தூக்கிட்டு வந்தாங்க?" என்று ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். கீழே இருந்து மலை ஏறும்போது வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி இன்னும் நன்றாகப் புரியும்.

மேப் விஷயத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, போனைக் கையில் கொடுப்பது, அல்லது போனில் வருவதை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. சமவெளியில் அது செல்லும். இங்கே போன் "ஆறு நிமிஷம்" என்று சொல்லும், அது ஆறு நிமிஷமா என்று உங்கள் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கீழே இருந்து வந்த பிள்ளைக்கு முதல் நாள் இருபது படி ஏறினாலே இரைக்கும். அதனால் நாங்கள் முதல் நாள் வெள்ளைத் தாளும் பென்சிலும்தான் தருகிறோம், வீட்டிலிருந்து இங்கே வந்த வழியை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்கிறோம். அளவு, திசை எதுவும் சரியாக இருக்காது, திருத்தவே கூடாது. ஒரு பையன் வரைந்ததில் அவன் வீட்டு வாசலில் இருக்கிற நாய் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரிசாக இருந்தது. சரி, அவனுக்கு ஊரில் அதுதான் பெரிய விஷயம். வாரக் கடைசியில் மறுபடி வரையச் சொன்னபோது நாய் சின்னதாகிவிட்டது, படிக்கட்டுகள் வந்துவிட்டன, எந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்ற எண்ணோடு. மூச்சு வாங்கும் இடத்துக்கு அவர்களே ஒரு குறி வைத்துக்கொண்டார்கள், நாக்கு தொங்குகிற ஒரு முகம்.

மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவதில் இருக்கிற தவறுகளைத் தனியாகவே எழுதலாம். நகராட்சி மார்க்கெட் பெரிசு, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாமல் பெரியவர்களே திணறுவார்கள், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் இருபது பேரை ஒரே கும்பலாக, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கேள்வித்தாளுமாகக் கொண்டுபோய், வியாபாரம் சூடாக இருக்கிற நேரத்தில் ஒரு காய்க் கடை முன்னால் நிறுத்தினோம். "அண்ணா, உங்க தொழில்ல என்ன சவால்?" என்று ஒரு பெண் தாளைப் பார்த்துப் படித்தாள். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது நாங்கள்தான், வெட்கமாக இருக்கிறது. அவர் தராசைப் பிடித்தபடியே, "இப்ப நீங்க நிக்கிறதுதான் பாப்பா" என்றார்.

இப்போது முறை வேறு. மூன்று பேர் கொண்ட குழு, கையில் இருபது ரூபாய், தாள் கிடையாது. முதலில் கால் கிலோ ஏதாவது வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் நீங்கள் வாடிக்கையாளர், அப்புறம் பேச்சு தானாக வரும். கேரட் வாங்கிய குழுவுக்கு அது கேத்தி பாலாடாவிலிருந்து வருகிறது என்பதும், மண்ணோடு பிடுங்கியதை மெஷினில் போட்டுக் கழுவித்தான் மூட்டை கட்டுகிறார்கள் என்பதும் தெரிந்தது. இன்னொரு குழு பீட்ரூட், முள்ளங்கி, நூக்கல் எல்லாவற்றையும் ஏன் இங்கிலீஷ் காய் என்கிறார்கள் என்று ஒரு பாட்டியிடம் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். ஒரே கடையில் தமிழும் படுகும் மலையாளமும் கன்னடமும் மாறி மாறிக் கேட்கும், அதை எண்ணுவதற்கென்று ஒருவரை விடுங்கள். மறக்காமல் காலை பதினொன்றரைக்கு மேல் போங்கள், அதிகாலை லோடு இறங்கும் நேரத்தில் போனால் திட்டுதான் கிடைக்கும், அதுவும் நியாயமான திட்டு.

தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு, போவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். தாவரவியல் பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்து இருக்கிறது என்பதால் பூங்காவோடு சேர்த்து ஒரு ரவுண்டு அடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது ஜனங்கள் குடியிருக்கிற இடம். உங்கள் வீட்டு முற்றத்தில் முன்பின் தெரியாத இருபது பிள்ளைகள் வந்து செல்போனில் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? அங்கே யாரையாவது தெரிந்து, அவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டால் போங்கள், கோயில் பக்கம் போகாதீர்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தோடர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊர்ப் பெயர்களே போதும். போர்டுகளில் "மந்து" என்று முடிகிற பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். கோடப்பமந்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வரும். கடைசியில் யாராவது ஒருவர் ஆங்கிலேயர் எழுதிய ஊட்டகமண்ட் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார், ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு மந்து இருக்கிறதே என்று. அதே விளையாட்டில் லவ்டேலும் ஃபெர்ன்ஹில்லும் வரும், யார் எப்போது வந்து பெயர் வைத்தார்கள் என்ற பேச்சும் வரும்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர்களைச் சேர்க்காமல் விடுவதும் தப்புதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு, ஸ்கூல், டியூஷன் தவிர ஒன்றும் தெரியாது. சீசனில் சேரிங் கிராஸில் நின்று வண்டி நம்பர் எண்ணும் பயிற்சி ஒன்று வைப்போம். கேரளத்துக் கே.எல்., கர்நாடகத்துக் கே.ஏ. வண்டிகள் நோட்டை நிரப்பிவிடும், நீலகிரியின் டி.என். 43 அபூர்வமாகத்தான் வரும். வெளியூர்ப் பிள்ளை "ஊட்டி வண்டியெல்லாம் எங்க?" என்று கேட்க, உள்ளூர்ப் பிள்ளை "சீசன்ல எங்கப்பா வண்டியையே எடுக்க மாட்டார்" என்றது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு ஏன் வந்தது என்று பிறகு நாங்கள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் கலந்து போட்டால்தான் இந்த மாதிரிப் பேச்சு வரும்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் சமாளிக்க முடியாது. எந்தக் கழிப்பறை திறந்திருக்கும், எது சுத்தமாக இருக்கும் என்று முந்தின நாளே நடந்து பார்த்து வையுங்கள், அந்த ஒரு விஷயத்தில் அலட்சியமாக இருந்து ஒரு முழு நாளை இழந்தோம். காலையில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டு வர அனுமதிக்காதீர்கள், இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கி மழை பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்தான், பிளாஸ்டிக் பாட்டில் இங்கே தடை. ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு வர்க்கி வாங்கிக் கொடுத்தால் பைக்குள் போன பிறகுதான் கடையை விட்டு இறங்க வேண்டும், குரங்கு பார்த்தால் வர்க்கியும் போச்சு பையும் போச்சு.

அம்மா அப்பா கூடவே வருவதற்குச் சம்மதிக்காதீர்கள். பத்தடி பின்னால் வருகிறேன், தொந்தரவு செய்ய மாட்டேன் என்பார்கள், ரோட்டைக் கடக்கும்போது ஓடி வந்து கையைப் பிடித்துவிடுவார்கள், அன்றைக்கு அந்தப் பிள்ளை வழியே பார்க்காது. ரோடு கடப்பதை முதல் நாளே நாங்கள் வாகனப் போக்குவரத்து குறைந்த தெருவில் பழக்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

நேரத்தை நீட்டாதீர்கள். ஒரு தடவை, பிள்ளைகள் ஆர்வமாக இருக்கிறார்களே என்று கோடப்பமந்து கால்வாயின் ஓரமாகவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஏரி வரை போய்விட்டு, திரும்பும்போது ஐந்தரை ஆகிவிட்டது. ஒரு குறுக்குப் படிக்கட்டில் ஏறி வளைவில் திரும்பினால், குப்பைத் தொட்டிப் பக்கத்தில் ஒரு காட்டு மாடு. வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரிக் கால்கள், மதில் உயரத்துக்கு முதுகு. எனக்குக் கை கால் ஓடவில்லை. நாய் வரைந்த அதே பையன்தான் என் ஜெர்கினைப் பிடித்துப் பின்னால் இழுத்து, சத்தம் போடாமல், "சார், இந்தப் படியில அறுபத்திரெண்டு, அந்தப் பக்கத்துப் படியில எழுபத்தொண்ணு. அதுல போயிரலாம்" என்றான்.