ஆண் பெண் பழக்கம்: மார்க்கம் இறுக்கிய இடமும் நாம் இறுக்கும் இடமும்

சில வீடுகளில் பெண்களைப் பள்ளிவாசலுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் கணவனின் தம்பி கதவைத் தட்டாமலே அண்ணி இருக்கும் அறைக்குள் வந்து போவார். பயான் (மார்க்கச் சொற்பொழிவு) நடக்கும் இடத்தில் ஒரு பெண் கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள். நிச்சயதார்த்தம் மட்டுமே முடிந்த இருவர் நள்ளிரவு வரை போனில் பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் உறுத்தாது. ஆண் பெண் பழக்கத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இஸ்லாமிய மார்க்கம் இறுக்கிப் பிடித்த இடத்தில் தளர்த்திவிடுகிறோம், அது திறந்து வைத்த இடத்தில் பூட்டுப் போடுகிறோம்.

மஹ்ரம் யார் என்பதில் வரும் குழப்பம்

எக்காலத்திலும் திருமணம் முடிக்க முடியாதபடி தடுக்கப்பட்டவர்தான் மஹ்ரம். இதில் பலர் சறுக்குவது 'எக்காலத்திலும்' என்ற நிபந்தனையில். மனைவி நிகாஹில் (திருமண ஒப்பந்தத்தில்) இருக்கும்வரை அவளுடைய தங்கையை மணக்க முடியாது. மனைவி இறந்துவிட்டாலோ, தலாக் (விவாகரத்து) ஆகி இத்தா (அவள் காத்திருக்க வேண்டிய காலம்) முடிந்துவிட்டாலோ மணக்கலாம். ஆக அது தற்காலிகத் தடைதான், மச்சினி மஹ்ரம் அல்ல. அவளோடு தனியாகப் பயணம் போவதும், அவள் தலைமுடி திறந்திருக்க எதிரில் உட்கார்ந்து பேசுவதும் கூடாது.

ஓர் ஆணுக்கு இரத்த உறவில் மஹ்ரமானவர்கள் ஏழு வகை: தாய், மகள், சகோதரி, தந்தையின் சகோதரி, தாயின் சகோதரி, சகோதரனின் மகள், சகோதரியின் மகள் (குர்ஆன் 4:23). பாட்டியும் பேத்தியும் இதற்குள் அடங்குவார்கள். திருமணத்தால் நான்கு பேர்: மனைவியின் தாய், மனைவிக்கு முன் கணவர் மூலம் பிறந்த மகள், தந்தையின் மனைவி, மகனின் மனைவி. மாமியார் நிகாஹ் ஒப்பந்தம் ஆனவுடனே மஹ்ரமாகிவிடுகிறார். மனைவியின் மகளோ, அந்த மனைவியோடு இல்லறம் தொடங்கிய பிறகுதான் மஹ்ரம். தலாக்குக்குப் பிறகும் இந்த உறவுகள் மாறாது. மகளை விவாகரத்துச் செய்தவர் என்பதற்காக முன்னாள் மருமகன் அந்த மாமியாருக்கு அந்நியராகிவிட மாட்டார்.

பட்டியலில் இல்லாதவர்களை உறவுப் பெயரை வைத்து உள்ளே சேர்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் மஹ்ரம் அல்ல. அத்தையின் கணவரும், சித்தியின் கணவரும், தாய்மாமனின் மனைவியும் அப்படியே. மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவதால் சட்டம் மாறாது.

வளர்ப்புப் பிள்ளை விஷயத்தில் இது வேதனையாகவே முடிகிறது. பதினைந்து வருடம் மகனாக வளர்த்தவனிடம் ஒரு நாள் பர்தா பேண வேண்டிய நிலை வருகிறது, ஏனென்றால் வளர்ப்பு மட்டும் உறவை உண்டாக்காது (33:4-5). இதற்கு வழி இருக்கிறது, அதைக் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் செய்ய வேண்டும். வளர்ப்புத் தாயே பால் கொடுத்தால் பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் மஹ்ரமாகிவிடும். அவருக்குப் பால் இல்லையென்றால், ஆண் குழந்தைக்கு அவருடைய சகோதரி பால் கொடுக்கலாம். வளர்ப்புத் தாய் அவனுக்குப் பால்குடி வழியில் சித்தியோ பெரியம்மாவோ ஆகிவிடுவார். பெண் குழந்தைக்கு வளர்ப்புத் தந்தையின் சகோதரி கொடுத்தால், அவர் அவளுக்குத் தாய்மாமன். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் (மார்க்கச் சட்ட வழிகளில்) தனித்தனியாக ஐந்து முறை கொடுத்திருக்க வேண்டும். ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் ஒரு முறையே போதும். யார், எப்போது, எத்தனை முறை கொடுத்தார் என்பதைத் தேதியோடு எழுதி, இரு குடும்பமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டதால், பால்குடி உறவு உள்ள இருவருக்கே பிற்காலத்தில் நிகாஹ் பேசும் ஆபத்து உண்டு.

வீட்டுக்குள் வரும் கணவனின் உறவினர்

பெண்கள் தனித்திருக்கும் இடங்களுக்குள் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அன்சாரிகளில் (மதீனாவைச் சேர்ந்த நபித்தோழர்களில்) ஒருவர் கணவனின் சகோதரர் போன்ற உறவினரைப் பற்றிக் கேட்டார். "அவர் மரணம் போன்றவர்" என்று பதில் வந்தது. உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. காரணம் எளிது. தெருவில் போகும் அந்நியர் வீட்டுக்குள் நுழைந்தால் நாலு பேர் கேட்பார்கள். கொழுந்தன் நுழைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்காக உறவை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். வாசலில் ஸலாம் சொல்லிப் பதில் வந்த பிறகு உள்ளே வருவது, அண்ணன் வெளியூரில் இருக்கும் நாட்களில் அண்ணி மட்டும் இருக்கும் வீட்டில் தங்காமல் இருப்பது, படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள், குளியலறைக்குப் போகும் வழி பொதுக்கூடத்தின் நடுவே அமையாமல் பார்த்துக்கொள்வது. சேர்ந்து சாப்பிடும் வீடுகளில் ஆடை ஒழுங்காக இருந்து, பேச்சு எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் போதும்.

தனிமை எது?

மூன்றாமவர் பார்க்கவோ உள்ளே வரவோ முடியாத இடத்தில் அந்நிய ஆணும் பெண்ணும் இருப்பதுதான் தடுக்கப்பட்ட தனிமை. ஆள் நடமாட்டமுள்ள கடையில் ஓரமாக நின்று விலை கேட்பது இதில் சேராது. பூட்டிய அலுவலக அறை, மாணவி ஒருத்திக்கு மட்டும் நடக்கும் வீட்டு டியூஷன், தலாக் விஷயமாக ஆலோசனை கேட்க வரும் பெண்ணை ஆலிம் (மார்க்க அறிஞர்) தன் அறையில் தனியே சந்திப்பது, இவை சேரும். கூடவே இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறதே என்பது சமாதானம் ஆகாது. நடப்பதைப் புரிந்துகொள்ளும் வயதுள்ள ஒருவர் இருக்க வேண்டும். அறைக்கதவில் கண்ணாடி வைப்பதும், கதவை அகலத் திறந்து வைப்பதும் பெரிய செலவில்லாத தீர்வுகள்.

சந்தேகம் எழக்கூடிய சூழல் வந்தால் உடனே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். இஃதிகாஃபில் (பள்ளிவாசலில் தங்கி வணங்குவதில்) இருந்த நபி (ஸல்) அவர்களை இரவில் சந்தித்துவிட்டுத் திரும்பிய மனைவியோடு அவர்கள் நடந்து வந்தபோது, அன்சாரிகள் இருவர் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த இருவரையும் நிறுத்தி, "இவர் ஸஃபிய்யா" என்று சொன்னார்கள். நபியே விளக்கம் கொடுத்த இடத்தில், "என்னை யார் சந்தேகப்படுவார்" என்று நாம் நினைப்பது பொருந்தாது.

தனிச்செய்தி அனுப்புவதைச் சட்ட வரையறையின்படி தனிமை என்று சொல்ல முடியாவிட்டாலும், அதன் ஆபத்து அதேதான். வேலை விஷயம் என்றால் குழுவில் எழுதுங்கள். தனியே எழுதியே ஆக வேண்டுமென்றால் சொல்ல வந்ததைச் சொல்லி முடியுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று தொடங்கும் இடத்தில்தான் வேலைப் பேச்சு வேறு பேச்சாகிறது.

நிச்சயம் ஆனவர்களும் நிகாஹ் வரை அந்நியர்களே. ஆனால் பெண்ணைப் பார்க்கவே விடாமல் நிகாஹ் முடிப்பதும் சிறிய தவறு அல்ல. முகீரா பின் ஷுஅபா (ரலி) ஒரு பெண்ணை மணமுடிக்கப் பேசியபோது, "அவளைப் பார்த்துக்கொள், அது உங்களிடையே இணக்கம் ஏற்பட உதவும்" என்றார்கள் நபி (ஸல்). வலி (பெண்ணின் பொறுப்பாளர்) அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்க, இருவரும் முகம் பார்த்து, வேலை, படிப்பு, வசிக்கும் இடம், கடன், நோய் எல்லாவற்றையும் நேராகக் கேட்கலாம். ஒரு முறை போதவில்லையென்றால் இன்னொரு முறையும் சந்திக்கலாம்.

பார்வையும் பேச்சும்

பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கு வந்தது (24:30), அடுத்த வசனம்தான் பெண்களுக்கு. பொறுப்பு முழுவதையும் பெண்ணின் ஆடைமேல் சுமத்துபவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இறுதி ஹஜ்ஜில் கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் தன் தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். நபி (ஸல்) அவர்களின் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்த ஃபள்லு பின் அப்பாஸ் அவரைப் பார்க்க, அவரும் இவரைப் பார்க்க, நபி (ஸல்) அவர்கள் ஃபள்லின் முகத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள். கேள்வி கேட்க வந்தவரை விரட்டவில்லை.

குழைந்து பேசுவதற்குத்தான் தடை. 'முறையான பேச்சைப் பேசுங்கள்' என்பது அதே வசனத்தின் முடிவு (33:32). பெண்கள் தங்களுக்கென ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி கேட்க, நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கிக் கற்பித்தார்கள். பெண்ணின் குரலே மறைக்கப்பட வேண்டியது என்று சொல்லி வகுப்புகளில் கேள்வி கேட்க விடாமல் செய்வதற்கு இதில் இடமில்லை.

கை குலுக்குவது வேறு. பைஅத்தின்போதுகூட (உறுதிமொழி வாங்கும்போதுகூட) நபி (ஸல்) அவர்களின் கை எந்த அந்நியப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை என்கிறார் ஆயிஷா (ரலி). எதிரே இருப்பவர் கையை நீட்டிய பிறகு பின்வாங்கினால் அவமதிப்பாகப் படும். இரண்டடி தள்ளியே நின்று, நீங்கள் முந்திக்கொண்டு, வலது கையை நெஞ்சில் வைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது.

பள்ளிவாசலில்

"அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களைவிட்டும் தடுக்காதீர்கள்" என்பது நபிமொழி. இதை இப்னு உமர் (ரலி) அறிவித்தபோது அவர் மகன் பிலால், நாங்கள் தடுப்போம் என்றார். தந்தை அவரை அதுவரை ஏசாத விதத்தில் கடுமையாக ஏசினார்.

இடம் கொடுத்தாலும் தவறு நடக்கிறது. நபியின் பள்ளிவாசலில் ஆண்களுக்குப் பின்னால் பெண்கள் ஸஃப் (வரிசை) நின்றார்கள், நடுவே சுவர் இருக்கவில்லை. இன்று முழுச் சுவர் எழுப்பி ஒரே ஒரு ஒலிபெருக்கியை நம்பினால், இமாம் ஸஜ்தா வசனம் (ஓதியதும் சிரம் பணியும் வசனம்) ஓதி நேராக ஸஜ்தாவுக்குப் போகும்போது, தக்பீரை மட்டும் கேட்ட பெண்கள் ருகூவில் (குனிந்த நிலையில்) நிற்பார்கள். மின்சாரம் போனால் தொழுகையைப் பின்தொடரவே முடியாது. பெண்கள் பக்கத்திலிருந்து முன் ஸஃப்பாவது தெரியும்படி ஜன்னலோ ஒருவழிக் கண்ணாடியோ வையுங்கள். ஒலிபெருக்கிக்கு பேட்டரி இணைப்பு கொடுங்கள். இமாம் தவறினால் ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் சொல்வார்கள், பெண்கள் வலது உள்ளங்கையால் இடது புறங்கையைத் தட்டுவார்கள். சுவருக்கு அப்பால் இருக்கும் பெண்களிடம் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

வாசலில் நெரிசல் வராமல் இருக்கத் தனி வாசல் நல்லது. அது இல்லையென்றால், ஸலாம் கொடுத்தபின் நபி (ஸல்) அவர்கள் எழாமல் சற்று அமர்ந்திருந்ததைப் போல ஆண்கள் கொஞ்சம் காத்திருக்கலாம். அதற்குள் பெண்கள் வெளியேறிவிடுவார்கள்.

மருத்துவம்

பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவர் பார்க்கலாம்: தேவையான பகுதி மட்டும், கணவரோ மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடன் இருக்க. உயிருக்கு ஆபத்து, பிரசவச் சிக்கல், விபத்து என்றால் இந்த வரிசையைப் பார்த்துத் தாமதிக்கக் கூடாது. போர்க்களத்தில் பெண்கள் தண்ணீர் கொடுத்துக் காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டதை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவித்திருக்கிறார். ஆண் மருத்துவர் என்பதற்காகப் பிரசவ அறையின் கதவை அடைப்பவருக்கு இந்த மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது.