விரால் அடிப்பானை அடையாளம் காண ஒரு குறிப்பு

ஏரி மேல் வட்டமிடும் பெரிய பறவையெல்லாம் பருந்து என்று விட்டுவிடாதீர்கள். அடிவயிறு வெள்ளையாக, கண்ணோரம் மை தீட்டியது போல ஒரு கரும்பட்டை ஓடினால், அது பெரும்பாலும் மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவையான விரால் அடிப்பான்தான் (ஆங்கிலத்தில் Osprey).

படம் எடுக்க நினைப்பவர்கள் அது சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும் நொடிக்காகக் காத்திருங்கள். அடுத்து பாய்ச்சல்தான். கடைசி நொடியில் கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும். சில சமயம் முழுதாக மூழ்கிவிடும். ஆனாலும் சுமார் 1 மீட்டர் ஆழம் வரைதான் அதற்கு எட்டும், அதனால் நீர்ப்பரப்பை ஒட்டி வரும் மீன்கள்தான் இலக்கு. உடனே கேமராவை இறக்கிவிடாதீர்கள். மேலே எழும்பியதும் நனைந்த நாய் மாதிரி பறந்துகொண்டே உடம்பை உதறும். எனக்குப் பிடித்த காட்சி அதுதான்!

அப்புறம் மீனைக் கவனியுங்கள். தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்திருக்கும், காற்று தடுக்காது. வெளிவிரலைப் பின்னால் மடக்க முடியும் என்பதால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்கள். பாதத்தில் சிறு முட்கள் வேறு. வழுக்கும் மீனுக்கு வேறு வழியில்லை.