அறுகோண மர விளக்கு: ஆறாவது மூட்டு சேராமல் போனது ஏன்?

செங்கோட்டையில் வாங்கிய 12 மி.மீ. தேக்குப் பலகையில் 10 செ.மீ. அகலத்துக்கு ஆறு துண்டுகள், நடுவே நட்சத்திரப் பின்னல். விளிம்புகளை 30 பாகை சாய்த்து அறுத்து, வெளியே டேப் ஒட்டிச் சுருட்டினால் ஐந்து மூட்டு கச்சிதம். ஆறாவது மட்டும் ஏறக்குறைய 1 செ.மீ. வாய் பிளந்து நிற்கும்.

கயிறு கட்டி முறுக்கினேன். பின்னலின் மெல்லிய கால் ஒன்று முறிந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். பாலிஷ் அதில் ஏறவில்லை, வெளிறிய கோடு தெரிந்தது. மறுபடி அறுத்தும் அதே பிளவு. மூன்று நாள் வீண்.

துப்பு கயிறு முறுக்கியபோதே இருந்தது. எல்லா மூட்டும் உள்பக்கம் தொட்டு, வெளிப்பக்கம் மயிரிழை திறந்திருந்தன. அப்படியென்றால் சாய்வு குறைவு. உள்ளே திறந்தால் சாய்வு அதிகம். மெஷின் அளவுகோலில் அரைப் பாகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு விளிம்பிலும் சேர்ந்தால் 6 பாகை!

ஆறையும் ஒரே மூச்சில் ஒட்டாமல், மும்மூன்றாக இரண்டு பாதி ஒட்டிக் காயவிட்டேன். கிரானைட் பலகையில் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பாதியின் இரு விளிம்புக்கும் பென்சில் கோடு போட்டு, இரண்டும் ஒருசேரப் படும்படி தேய்த்தேன். கோடு முழுதாக அழிந்ததும் நிறுத்த வேண்டும்; அரை மி.மீ.கூடத் தேயாது. பாதிகள் இரண்டும் வெளிச்சம் நுழையாமல் பொருந்தின.

சாரல் காலத்தில் பசைக்கு 24 மணி நேரமாவது கொடுங்கள்.