உருளைக்கிழங்கைக் கொண்டு பிரசாரணத்தை அவதானிக்கும் முறை

கலம் சக்தி எதனையும் செலவிடாமலேயே அதன் மென்சவ்வினூடாக (கலத்தைச் சூழ்ந்த மெல்லிய படையினூடாக) நீர் நகர்வதே பிரசாரணம். இதைக் காண, அவிக்காத உருளைக்கிழங்கைத் தோல் நீக்கி, 5 சென்ரிமீற்றர் நீளமும் ஒரே தடிப்பும் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஈரத்தை ஒற்றியெடுத்து, ஒவ்வொன்றின் நிறையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குவளையில் நன்னீரும், மற்றையதில் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீரும் எடுத்து, துண்டுகளை ஒரு மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கள். மட்டக்களப்பு வாவி நீரையே உப்புக்கரைசலாகப் பயன்படுத்தலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் மாரிமழைக்குப் பின் அதன் உவர்த்தன்மை வெகுவாகக் குறைந்துவிடுவதால், கறியுப்பே நம்பகமானது. கரையோரக் கிணற்று நீரையும் சுவைத்துப் பார்த்தே நன்னீராகக் கொள்ளுங்கள்.

மீண்டும் ஒற்றியெடுத்து நிறுத்தால், நன்னீரில் கிடந்தது நிறை கூடி விறைத்தும், உப்புநீரில் கிடந்தது நிறை குறைந்து துவண்டும் இருக்கும். கரையம் (நீரில் கரைந்துள்ள பொருள்) குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு, மென்சவ்வின் கொழுப்பாலான இரட்டைப் படையினூடாகவும், விஞ்ஞானி பீற்றர் அக்ரிக்கு 2003இல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த அக்குவாபோரின் எனும் புரதக் கால்வாய்களினூடாகவும் நீர் செல்கிறது. சோடியம், குளோரைட்டு அயன்களோ அப்படையை எளிதில் கடப்பதில்லை. அவித்த கிழங்கில் இவ்வேறுபாடு கிடைக்காது, ஏனெனில் வெப்பம் மென்சவ்வைச் சிதைத்துவிடுகிறது.