மேனேஜ்டு கிளவுட் ஹோஸ்டிங் எடுக்குமுன்: கடைக்காரர்களும் ஆர்வலர்களும் செய்யும் தவறுகள்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு புடவைக் கடையின் தளத்தை மேனேஜ்டு ஹோஸ்டிங்குக்கு, அதாவது சர்வரை நிறுவனமே பராமரித்துத் தரும் வாடகை இடத்துக்கு, மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். “தம்பி, சைட்டு டக்கு டக்குன்னு திறக்குது. ஆனா நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு மெயில்கூட வரலையே, ஆர்டரே இல்லையா?”

ஆர்டர் இருந்தது. மெயில்தான் போய்ச் சேரவில்லை. தளத்தின் பெயருக்கு வழிகாட்டும் நேம்சர்வரை மாற்றும்போது, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பழைய இடத்திலிருந்து பார்த்துப் புது இடத்தில் எழுத மறந்துவிட்டேன். அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒரே சர்வரைப் பலர் பகிரும் பழைய ஷேர்டு ஹோஸ்டிங்கில் மெயில் பெட்டியும் சேர்ந்தே கிடைத்தது, புது இடத்தில் அந்த வசதியே இல்லை. அதை விசாரிக்காமலே மாற்றியிருந்தேன்.

‘மேனேஜ்டு’ என்றதும் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கிளவுட்வேஸ் என்ற மேனேஜ்டு ஹோஸ்டிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சொந்த சர்வர் கிடையாது. டிஜிட்டல்ஓஷன், அமேசான், கூகுள் போன்றவர்களின் சர்வர் மீது உட்கார்ந்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போடுவது, தளத்தை இயக்கும் பிஎச்பி மொழி, டேட்டாபேஸ், பக்கத்தை வேகமாகத் திறக்கவைக்கும் கேஷ் ஆகியவற்றை அமைப்பது, எஸ்எஸ்எல் பாதுகாப்புச் சான்றிதழ், பேக்கப் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். (2022இல் டிஜிட்டல்ஓஷனே 35 கோடி டாலருக்கு இவர்களை வாங்கிவிட்டது.) தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் நீங்கள் சேர்த்து, மூன்று வருடமாக அப்டேட் செய்யாத பிளகின் (கூடுதல் வசதி) வழியாக யாராவது உள்ளே நுழைந்தால், அது உங்கள் பாடு. மெயில் பெட்டி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. சர்வர் அவர்கள் பொறுப்பு, தளம் உங்கள் பொறுப்பு. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைக் காசு கட்டுமுன் சப்போர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்குக்காகத் தளம் நடத்தும் ஆர்வலர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரை டிஜிட்டல்ஓஷனிடம் நேராக எடுத்தால் மாதம் 6 டாலர். அதே அளவுக்கு கிளவுட்வேஸில் 11 டாலர் அளவில் ஆகும். ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு அதன் மேல் 18 சதவீத வரி. மாதம் நாற்பது பேர் படிக்கும் தளத்துக்கு இது வீண் செலவு. லினக்ஸ் கற்றுக்கொள்ளத்தான் சர்வர் வேண்டும் என்பவருக்கோ இன்னும் மோசம். சர்வரில் எதையும் மாற்றவிடும் ரூட் அனுமதியே கிளவுட்வேஸில் தரமாட்டார்கள், அப்புறம் எதைக் கற்பது? இன்னொன்று, சர்வரை நிறுத்திவைத்தால் கட்டணமும் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். அழித்தால்தான் மீட்டர் நிற்கும்.

இலவசத்தை நம்பிக் கட்டியவர்கள் ஹெரோக்கு என்ற ஆப் ஹோஸ்டிங் சேவையில் பட்டது தெரிந்த கதைதான். அரை மணி நேரம் யாரும் வராவிட்டால் ஆப் தூங்கிவிடும் என்றாலும், பல ஆண்டுகள் ஊரே அதில்தான் பழகியது. 2022 நவம்பர் 28 முதல் இலவசத்தை நிறுத்தத் தொடங்கினார்கள். காசு கட்டினாலும் அங்கே ஒரு பொறி உண்டு. அங்குள்ள கோப்பு இடம் தற்காலிகமானது. ஆப் தினமும் ஒருமுறையாவது மறுபடி தொடங்கும்போது, பயனர்கள் ஏற்றிய படங்கள் அத்தனையும் போய்விடும். படங்களை அமேசானின் எஸ்3 போன்ற வேறு கிடங்கில் வைக்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் அதிகம் மாட்டுவது கார்டில். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதிகள் கடுமையானபோது, பல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம் கார்டுகளிலிருந்து பணம் போவது நின்றது. பில் நிலுவையானால் கணக்கை முடக்குவார்கள். பேக்கப்பும் அதே கணக்குக்குள் இருந்தால் தளமும் போச்சு, பேக்கப்பும் போச்சு. பெட்டியைப் பூட்டி சாவியை உள்ளேயே வைத்த கதைதான். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானபோதும், வேறு எங்கும் நகல் வைக்காதவர்கள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வாரம் ஒருமுறை டேட்டாபேஸை இறக்கி கடைக் கம்ப்யூட்டரில் போட்டுவைக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதைத் திருப்பி ஏற்றியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; திறக்காத ஜிப் கோப்பை வைத்து என்ன செய்வது?

ஆகவே வியாபாரத்துக்கா பொழுதுபோக்குக்கா என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தளம் விழுந்தால் யார் எழுந்து பார்ப்பது என்று கேளுங்கள். ஆள் இல்லை, ஒரு நாள் ஆர்டர் நின்றாலே மாதக் கட்டணத்தைவிட நஷ்டம் என்றால் மேனேஜ்டு எடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எதற்கு?

புடவைக் கடை அங்கேயேதான் இருக்கிறது, மெயில் மட்டும் தனி இடத்தில். என் கவிதைத் தளத்தை, இலவசமாகத் தளம் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸுக்கு மாற்றிவிட்டேன். டொமைன் காசு தவிர வேறு செலவில்லை.